கடலூர்க் குழியும் சிதம்பரத்துக் குழியும்

கடலூரில் நடந்த நில வியாபாரங்களிலேயே விசித்திரமானது 1690-ல் நடந்தது. செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ, அதுவரை. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்துச் சுட்டார்கள். குண்டு எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களெல்லாம் கம்பெனிக்குப் போயின. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். அந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். பெண்ணையாற்றங்கரையில் உள்ள குண்டு உப்பலவாடியின் பெயரில் அந்தக் குண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாக ஊரில் சொல்வார்கள்.

கோட்டை 1758-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் வீழ்ந்து இடிபட்டது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு இப்போது சில்வர் பீச் என்று பெயர். அங்கே சுண்டல் தின்றபடி இந்தக் கதையைக் கேட்டவன் என் அக்கா மகன்.

"வித்தவங்க பீரங்கியப் பாக்கலையா மாமா?" என்றான்.

நல்ல கேள்வி. செஞ்சியை மொகலாயப் படை நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. பணமுடையில் விற்கிறவர் எல்லை பார்க்கமாட்டார். அவசரத்தில் வாங்குகிறவரும் பார்ப்பதில்லை. அதனால்தான் அன்று, மனை பார்க்க, அவனோடு சிதம்பரம் கிளம்பினேன்.

அவன் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். கல்யாணத்துக்கு முன் ஒரு மனையாவது வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. அவன் ஆசை அதைவிடப் பெரிது. பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த இலவச வகுப்புக்குப் போய் வந்திருந்தான். ரியல் எஸ்டேட்டில் முதலீடு செய்வது எப்படி என்று இரண்டு மணி நேரம் பேச்சு, நடுவில் காபி, பிஸ்கட். கடைசி அரை மணியில்தான் விஷயம் வந்திருக்கிறது. உண்மையான வித்தையெல்லாம் மூன்று நாள் வகுப்பில்தானாம். அதற்குக் கட்டணம் ஒரு லட்சம், அன்று இரவு பன்னிரண்டுக்குள் பெயர் கொடுத்தால் ஐம்பதாயிரம். ஹாலின் பின்வரிசையில் கார்டு தேய்க்கும் மெஷினோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். இவன் கட்டவில்லை, கார்டில் அவ்வளவு லிமிட் இல்லை. கெடு அன்றோடு முடிந்துபோகவும் இல்லை. ஒவ்வொரு வாரமும் போன் வருகிறது, ஒவ்வொரு வாரமும் அதுதான் கடைசி நாள்.

நோட்டுப் புத்தகத்தைக் காட்டினான். 'அடுத்தவர் பணத்தில் வாங்கு', 'தூங்கும்போதும் வருமானம்', 'வாங்கு, கைமாற்று, மறுபடி வாங்கு'. சர்வே எண் என்ற சொல் அதில் ஒரு பக்கத்திலும் இல்லை.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சிதம்பரம் 45 கிலோமீட்டரை ஒட்டி. முதுநகர் தாண்டி, சிப்காட் வாடை மூக்கில் ஏறி இறங்குவதற்குள் மனைப்பிரிவு போர்டுகள் தொடங்கிவிடும். சவுக்குத் தோப்புக்கும் முந்திரிக் காட்டுக்கும் நடுவே நட்டுவைத்த எல்லைக்கற்கள், வர்ணம் அடித்த நுழைவு வளைவு, வளைவுக்குப் பின்னால் புல். 'மிக அருகில்' என்ற பட்டியல்தான் போர்டில் பெரிது. ஆலப்பாக்கத்துக்குக் கிழக்கே, கடலோரம் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழும்பிக்கொண்டிருந்த காலம் உண்டு. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்து அதைச் சாய்த்தது. கம்பெனி நொடித்து 2018-ல் கலைப்புக்குப் போனது. சொத்தைப் பிறகு வேறு கம்பெனி வாங்கியது. 2017-ல் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் 45 கிராமங்களைப் பெட்ரோ ரசாயன மண்டலமாக அறிவித்தார்கள், 2020-ல் அந்த அறிவிப்பே ரத்தானது. வரப்போகிறது என்பதை நம்பி மனை வாங்குகிறவருக்கு இந்த பஸ் பயணமே ஒரு வகுப்பு. டிக்கெட் காசுதான் கட்டணம்.

இந்த வகுப்பு வியாபாரம் நம் ஊரில் முளைத்ததல்ல. கைக்காசு இல்லாமல் வீடு வாங்கலாம் என்று ராபர்ட் ஆலன் என்பவர் அமெரிக்காவில் புத்தகம் போட்டது 1980-ல். 1997-ல் ராபர்ட் கியோசாகியின் 'ரிச் டாட் புவர் டாட்' வந்தது. அது தமிழிலும் நன்றாக விற்கிறது, அக்கா மகன் வீட்டில்கூட ஒரு பிரதி இருக்கிறது. புத்தகத்தில் தொடங்கிய வியாபாரம் ஹோட்டல் ஹாலுக்கு நகர்ந்தது. டொனால்டு டிரம்ப் தன் பெயரில் நடத்திய 'டிரம்ப் யுனிவர்சிட்டி'யில் மூன்று நாள் வகுப்புக்கு 1,495 டாலர், கூடவே ஆசான் வேண்டுமென்றால் 35,000 டாலர் வரை. மாணவர்கள் தொடுத்த வழக்கும் நியூயார்க் மாநிலம் தொடுத்த வழக்கும் சேர்ந்து, 2016 நவம்பரில், அவர் அதிபர் தேர்தலில் ஜெயித்த சில நாட்களில், 2.5 கோடி டாலருக்குச் சமரசமாயின. தப்பு செய்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஸூரிக்ஸ் என்ற யூட்டா மாநிலக் கம்பெனி மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2019-ல் வழக்குப் போட்டது. முதலில் இலவசக் கூட்டம், அடுத்து 2,000 டாலரை ஒட்டிய மூன்று நாள் வகுப்பு, அதற்குமேல் 40,000 டாலரையும் தாண்டி ஏறும் படிகள். வந்தவர்களிடம் கிரெடிட் கார்டு லிமிட்டைக் கூட்டிக்கொள்ளச் சொன்னார்கள் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. கூட்டிய லிமிட் வீடு வாங்கப் போகவில்லையாம், அடுத்த வகுப்புக்குத்தான் போனதாம்.

பஸ்ஸில் இதைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, அந்த இடத்தில் அக்கா மகன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினான். கார்டு லிமிட்டைப் பற்றி அவனிடமும் கேட்டிருக்கிறார்கள்.

நோக்கத்தை விட்டுவிடலாம், எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அங்கே கற்றுத்தரும் வித்தை இங்கே ஓடுமா என்பதுதான் என் சந்தேகம். அடுத்தவர் பணம் என்றால் நமக்கு வங்கிதான். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது, அதற்கு மேல் போனால் 80, 75 என்று இறங்கும் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. முத்திரைத்தாள் செலவை, பத்து லட்சத்துக்கு உட்பட்ட சிறிய வீடுகளைத் தவிர, மதிப்பில் சேர்க்கவும் விடமாட்டார்கள். காலி மனை என்றால் வங்கி இன்னும் கையை இழுத்துக்கொள்ளும். வாங்கிக் கைமாற்றுவது? தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்சத்துக்குக் கிரயம் செய்தால் 90,000 ரூபாய் அன்றே போய்விடும். விலை அந்த அளவு ஏறிய பிறகுதான் முதலே திரும்பும். இரண்டு வருஷத்துக்குள் விற்றால் லாபம் சம்பளத்தோடு சேர்ந்து வரி கட்டும். இவ்வளவும் தாண்டி இங்கே கைமாற்றிச் சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தந்த ஊரிலேயே இருபது வருஷமாக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள். யார் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம், யார் மகன் துபாயிலிருந்து திரும்பிவிட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை ஹோட்டல் ஹாலில் எப்படிச் சொல்லித்தருவது?

கட்டணத்தையும் ஒரு கணக்குப் பார்த்தோம். ஐம்பதாயிரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 59,000. ஆறரை லட்ச ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்தே 58,500 தான். ஆரம்பிக்கிறவனிடம் இருப்பது அந்த ஒரே ஒரு தொகை. அதை முதலில் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

இந்த வகுப்புகளைத் தட்டிக் கேட்க ஆள் உண்டா என்றால், அதுவும் ஓட்டை. பங்குச் சந்தை வகுப்பு நடத்துகிறவர்கள் எல்லை மீறினால் செபி பிடிக்கிறது. 2025 பிப்ரவரியில் அப்படி ஒரு வகுப்புக் கம்பெனியின் 53 கோடி ரூபாயை முடக்க உத்தரவிட்டது. நிலத்துக்கு வந்தால், 2016-ன் ரெரா சட்டம் மனை போடுகிறவரையும் தரகரையும் பதிவு செய்யச் சொல்கிறது. வகுப்பு எடுக்கிறவரை அது கண்டுகொள்வதில்லை. வகுப்பே மெல்ல முதலீட்டுத் திட்டமாக மாறினால்தான் சட்டம் விழிக்கும். நிலம் தருவதாகச் சொல்லி ஐந்து கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். கம்பெனி 49,100 கோடியைத் திருப்பித் தரவேண்டும் என்று செபி உத்தரவிட்டது 2014-ல். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதன் பத்திரங்களைத் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டு இன்னும் காத்திருப்பவர்கள் உண்டு. 2023-ல் மதுரையில் நியோமேக்ஸ் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தபோது அதே கதை திரும்ப வந்தது. விழிக்கிற நேரத்தில் பணம் ஊரைத் தாண்டியிருக்கும்.

பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வந்தது. ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஆற்றைக் கடந்தால் மண் மாறும், முந்திரி போய் நெல் வரும், அளவும் மாறும். அதைப் பற்றிப் பிறகு.

மனை சிதம்பரத்துக்கு வெளியே. தரகர் பைக்கில் முன்னால் போக, ஆட்டோவில் பின்னால் போனோம். சுற்றிலும் நஞ்சை, நடுவில் செம்மண் கொட்டி மேடாக்கிய மூன்று தெருக்கள். மழை விட்டுச் சில நாள் ஆகியிருந்தது. பக்கத்து வயலில் இறங்கவேண்டிய தண்ணீர் தெருவோரத்தில் நின்றது. வாய்க்கால் ஒன்று மனைப்பிரிவின் சுவர்வரை வந்து, அப்படியே காணாமல் போயிருந்தது. மனை பார்க்கச் சித்திரையில் போகிறவர்கள் பாதிதான் பார்க்கிறார்கள். கடலூர் மாவட்டத்தில் மனையைப் பார்க்கும் மாதம் கார்த்திகை. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டபோது பெண்ணையாற்றுத் தண்ணீர் கடலூர் நகர்களுக்குள் எந்தெந்தத் தெருவழியாக வந்தது என்று அங்கிருப்பவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். அந்த விரலுக்கு எந்தப் பயிற்சியாளரும் ஈடாகமாட்டார்.

"டிடிசிபி அப்ரூவ்டு சார், ஒண்ணும் பயமில்ல" என்றார் தரகர்.

"ரெரா நம்பர்?"

"அப்ளை பண்ணியிருக்கு சார். வந்துரும்."

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரமும் கூடாது, விற்பனையும் கூடாது. இதை அக்கா மகன் சொன்னான், நான் சொல்லவில்லை. பஸ்ஸில் போனில் தேடிப் படித்திருக்கிறான். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தடை போட்டதும், பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கு மட்டும் வரன்முறைத் திட்டம் வந்ததும் அவனுக்கு அதே வழியில்தான் தெரிந்தன. தரகர் அவனைப் புதிதாகப் பார்த்தார். தாய்ப்பத்திர நகல் ஒன்றைக் கொடுத்து, சாயந்திரத்துக்குள் டோக்கன் அட்வான்ஸ் போட்டால் நல்லது, வேறு பார்ட்டி வருகிறது என்றார். பாண்டிச்சேரி ஹாலில் கேட்ட அதே குரல்தான் இது, இங்கே ஹெல்மெட் போட்டிருந்தது.

கீழவீதியில் மதியச் சாப்பாடு. சம்பா சாதத்தோடு கத்தரிக்காய் கொத்சு இருக்கும் ஊரில் வேறெதைக் கேட்பது? சாப்பிடும்போது அந்த வகுப்பின் பக்கமும் பேச வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் நெய்வேலியில் இருக்கிறார். அவர் இப்படி ஒரு வகுப்புக்குப் பணம் கட்டிப் போனவர். அதில் சொன்ன எதையும் அவர் செய்யவில்லை. ஆனால் அதுவரை தரகரிடமும் பேங்க் மேனேஜரிடமும் கணவர்தான் பேசுவார், வகுப்புக்குப் பிறகு தானே பேசப் பழகினேன் என்கிறார். பணம் தண்டம் என்று அவர் நினைக்கவில்லை, நானும் அவரிடம் சொல்லத் துணியவில்லை. தைரியம் விலைக்குக் கிடைக்கும்போது சிலர் வாங்கத்தான் செய்வார்கள். ஏற்கெனவே இரண்டு மனை, ஒரு கடை வாடகை என்று ஓடிக்கொண்டிருக்கிறவருக்கு வரி, கடன், கூட்டுப் பங்கு பற்றி நல்ல வகுப்பு உதவவும்கூடும். முதல் மனைக்கு நிற்கிறவன் நிலைமை வேறு. அவனுக்குத் தைரியம் கூடினால் டோக்கன் அட்வான்ஸ் சீக்கிரம் போய்விடும், அவ்வளவுதான்.

"ரகசியத்த மூணாம் நாள்தான் சொல்வாங்களாம் மாமா" என்றான் கை கழுவும்போது. எதிரே கிழக்குக் கோபுரம். சிதம்பரத்தில் நின்றுகொண்டு ரகசியத்தைப் பற்றி ஜோக் அடிக்காதவர் இல்லை, நான் விட்டுவிட்டேன்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரையின் கீழ், நண்பர் ஒருவர் அனுப்பிய பத்திர எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டியவர். நகலை வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்தார்.

"தம்பி, இதுல முந்நூறு குழின்னு இருக்கே, எவ்வளவு நிலம்னு நினைக்கிறீங்க?"

அக்கா மகன் போனில் தட்டினான். பாண்டிச்சேரி, கடலூர்ப் பக்கம் குழி என்றால் 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. முந்நூறு குழி மூன்று காணி, கிட்டத்தட்ட நாலு ஏக்கர். பெருமையாகச் சொன்னான்.

பத்திர எழுத்தர் சிரிக்கவில்லை. "அது உங்க ஊர்க் குழி. இது தஞ்சாவூர்க் கணக்கு. ஒரு குழி 144 அடி. நூறு குழி ஒரு மா, நாலு மா ஒரு காணி, இருபது மா ஒரு வேலி. காணி ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான், குழிதான் வேற. இது மூணு மா. ஒரு ஏக்கருக்கு ஒரு சென்ட் கம்மி." நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நீங்க பாத்த மனைப்பிரிவு எவ்வளவு இருக்கும்?"

மூன்று தெரு. தெருவுக்கு இரண்டு பக்கமும் மனை. ஒரு ஏக்கருக்குள் அடங்காது என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மீதி நிலத்துக்கு வேறு பத்திரம் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வாய்க்கால் காணாமல் போன இடமும் நினைவுக்கு வந்தது.

அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். புலப்படம் வாங்குங்கள், அதில் வாய்க்கால், வண்டிப்பாதை கோடு போட்டிருக்கும். அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் தனியார் பெயரிலா, ஓடைப் புறம்போக்கா என்று பாருங்கள். சிட்டாவும் அ-பதிவேடும் ஆன்லைனிலேயே காசில்லாமல் பார்க்கலாம். வில்லங்கத்தையும் பதிவுத்துறை இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம், முப்பது வருஷத்துக்குப் பாருங்கள். நஞ்சையை மனையாக்க வேளாண்மைத் துறையின் கருத்து கேட்டார்களா என்று விசாரியுங்கள். கடைசியில் ஒரு வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன். எல்லாம் சேர்ந்தாலும் சில ஆயிரம்தான் ஆகும் என்றார்.

பிறகு நகலின் நடுப்பக்கத்தைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். 1994-ல் பதிவான பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி மூன்று பேர் கையெழுத்து. வாரிசு விவரத்தில் இரண்டு பெண்களின் பெயர் இருந்தது, கையெழுத்து இல்லை.

"பாட்டன் சொத்துன்னு இதுலயே எழுதியிருக்கு. நம்ம ஸ்டேட்ல பொண்ணுங்களுக்குப் பூர்வீகச் சொத்துல பங்குன்னு 1989 மார்ச் 25-லயே சட்டம் வந்துருச்சு. டெல்லிச் சட்டம் 2005-லதான். ஆனா அன்னைக்குத் தேதிக்குக் கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்குத்தான் அது. பெரியவங்களுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருந்தா பேச்சில்ல. சின்னவங்களுக்கு எப்பன்னு கேளுங்க தம்பி."

கூலி எவ்வளவு என்று கேட்டேன். வாங்கும்போது என்னிடமே பத்திரம் எழுதுங்கள் சார் என்று சொல்லி, டீக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.

டீ வருவதற்குள் தரகரே கூப்பிட்டுவிட்டார். அக்கா மகன் ஸ்பீக்கரில் போட்டான்.

"என்ன சார், டோக்கன் போட்றலாமா?"

"போடலாண்ணா. அந்தச் சின்ன அக்காவுக்கு எந்த வருஷம் கல்யாணம் ஆச்சுன்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?"

கொஞ்ச நேரம் பைக் சத்தம் மட்டும் கேட்டது.

"மனைக்கும் கல்யாணத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?"